தாதியர் தேர்வும் நமது பிள்ளைகளும்

(தோட்டக் கிளைச் சங்கக் கல்விக் குழு நடத்தும் வார இறுதி வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில், குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் கூடும்போதெல்லாம் நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசுகிறோம். குழாயில் வராத தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். அவற்றையெல்லாம் கைவிட்டுவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று ஒரு நாள் வேறு விஷயம். நமது தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலுமாக ஒன்பது பிள்ளைகள் தாதிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதப் போகும் தேர்வைப் பற்றியும், அதற்கு எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

"தாதித் தேர்வைப் பற்றிக் கிராணிமாருக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஆபீசில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் சென்ற ஆறு மாதமாக, பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுக்கு வரும் சனி, ஞாயிறு மாலைகளில் அவர்களோடு உட்கார்ந்து கேள்விகளை வாசித்துக் காட்டி வருகிறோம். ஓய்வு பெற்ற தாதி அம்மையார் ஒருவர் வந்து விளக்கம் சொல்கிறார். அவர் சொன்னதையும் பாடநூலில் கண்டதையும்தான் உங்கள் முன் வைக்கிறோம். சொந்தச் சரக்கு என்று சொல்லிக் கொள்ள எங்களிடம் இருப்பது கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கூட்டத்துக்கு உடனடிக் காரணம் ஒன்றுண்டு. சென்ற மாதம் சில பெற்றோர் குழுவிடம் வந்தார்கள். வெளியே ஒருவர் விடைத்தாள் விற்கிறாராம். ஐந்நூறு கேள்வி, ஐந்நூறு விடை. மனப்பாடம் செய்தால் போதுமாம், தேர்வு கைக்குள் வந்துவிடுமாம். விலை அறுநூறு வெள்ளி. "சங்க நிதியிலிருந்து வாங்கிக் கொடுங்கள், ஒன்பது பிள்ளைகளும் பயன்படுத்தட்டும்" என்றார்கள். குழு மறுத்துவிட்டது. அதில் சிலருக்கு வருத்தம். "பணக்காரப் பிள்ளை வாங்கிப் படிக்கும், நம்ம பிள்ளை கை கட்டி நிற்கணுமா?" என்று ஒரு தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில், இந்தத் தேர்வு எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பார்ப்போம். 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, இந்நாட்டில் தாதியாக வேலை பார்க்க வேண்டுமானால் தாதியர் வாரியத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு டிப்ளோமாப் படிப்பை முடித்தாலும், வாரியத்தின் தேர்வில் தேறாமல் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் தாதி உடுப்புப் போட முடியாது. ஆனால் படிப்புக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும். தேறினாலும் கடன், தேறாவிட்டாலும் கடன்! நமது தோட்டங்களின் நிலையையும் நீங்கள் அறிவீர்கள். பால் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டம் வருகிறது. நிலம் கைமாறும்போது லயத்து வீடும் கைமாறுகிறது. நமது பிள்ளைகள் கையில் எவரும் பிடுங்க முடியாத ஒன்று இருக்க வேண்டுமானால், அது இத்தகைய பதிவுதான். ஆகவே பெற்றோரின் பதைப்பு எங்களுக்கு விளங்காமல் இல்லை. அந்தப் பதைப்பை விற்பனைச் சரக்காக ஆக்குகிறவர்களைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

அந்த விடைத்தாளின் சில பக்கங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். அதில் ஒரு கேள்வி இப்படி இருந்தது. இன்சுலின் ஊசி போட்டுக் கொள்ளும் நீரிழிவு நோயாளி ஒருவர், காலை பதினொரு மணிக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழம்புகிறார். விழித்திருக்கிறார், விழுங்க முடிகிறது. தாதி என்ன செய்ய வேண்டும்? அந்தத் தாளில் விடையாகக் குறித்திருந்தது "இன்சுலின் கொடுக்க வேண்டும்" என்பது!

தோழர்களே, இங்கே எத்தனை வீட்டில் நீரிழிவு இல்லை? கையைத் தூக்கச் சொன்னால் மண்டபத்தில் பாதிக் கை எழும். வியர்வை, நடுக்கம், குழப்பம் மூன்றும் சர்க்கரை இறங்கிவிட்டதன் அடையாளம். இறங்கியவருக்கு மேலும் இன்சுலின் கொடுத்தால் நினைவு தப்பும், உயிரும் போகும். சரியான முறை என்ன? உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குறைந்திருந்தால், விரைவில் இரத்தத்தில் சேரும் சர்க்கரை 15 கிராம் அளவுக்கு வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவராக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். அதற்கு ஊசி வழி இருக்கிறது.

அந்தத் தாளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் போவதோடு காரியம் நிற்குமா? நாளை அதே பிள்ளை வார்டில் நிற்கும். படுக்கையில் இருப்பது உங்கள் தகப்பனாராக இருக்கலாம். விடைத்தாள் அப்போது கூட வராது.

"சரி, தவறில்லாத தாளாக இருந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்பீர்கள். அப்போதும் மாட்டோம். கேள்வி ஒரு சொல் மாறினால் விடையே மாறிவிடும். இதே கேள்வியில் "விழித்திருக்கிறார்" என்பதை எடுத்துவிட்டு "அழைத்தால் பதில் இல்லை" என்று போட்டால், முன்பு சரியாக இருந்த விடை இப்போது உயிருக்கு ஆபத்து. எண்ணை மட்டும் மனத்தில் வைத்த பிள்ளை அங்கே மாட்டிக் கொள்ளும். காரணத்தை அறிந்த பிள்ளை நின்று யோசித்து மீண்டு வரும்.

அப்படியானால் பயிற்சிக் கேள்வியே வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. எவ்வளவு அதிகம் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு பகுதியினர் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். தம்மைத் தாமே சோதித்துக் கொண்டவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கூரையைப் பார்த்துக் கொண்டிருந்தால் "படிக்காமல் என்ன யோசனை?" என்று அதட்டாதீர்கள். படிப்பு நடப்பதே அந்த வேளையில்தான்.

இனி எங்கள் வகுப்பில் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறோம்.

முதல் விதி: விடைகளைக் கையால் மறைத்துக் கொண்டு கேள்வியை மட்டும் வாசிப்பது. கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். "யாருக்கு என்ன நேர்ந்தது? நம்மிடம் கேட்பது என்ன?" என்று தன் சொல்லில் சொல்ல முடியாத பிள்ளைக்குக் கேள்வி விளங்கவில்லை என்று பொருள். விளங்கிய பிறகுதான் கையை எடுத்து நான்கு விடைகளையும் பார்க்கலாம். மலாய்க் கேள்வியில் "கெச்சுவாலி" என்றொரு சொல் வரும். "இதைத் தவிர" என்று பொருள். அந்தச் சொல்லைத் தாண்டி ஓடியவர்கள் மூன்று சரியான விடைகளைப் பார்த்துத் திகைத்து, முதலாவதைக் குறித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதைப் போலவே "முதலில்", "உடனடியாக", "மிகவும் பொருத்தமான" என்னும் சொற்களின் கீழே கோடு போட வேண்டும்.

இரண்டாம் விதி: சரியான விடைக்கு மட்டுமல்ல, தவறான மூன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். அறுவைச் சிகிச்சை முடிந்து மறுநாள் மல்லாந்து படுத்திருக்கும் நோயாளி திடீரென்று மூச்சு முட்டுகிறது என்கிறார். தாதி முதலில் செய்ய வேண்டியது எது? அ: மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்வது. ஆ: தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்து, மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பார்ப்பது. இ: வலி மருந்து கொடுப்பது. ஈ: குறிப்பேட்டில் எழுதுவது. நான்கும் ஒரு தாதி செய்யும் காரியங்கள்தான். ஆனால் "முதலில்" என்று கேட்டிருக்கிறார்கள். மூச்சு வழி முதலில், மூச்சு அடுத்து, இரத்த ஓட்டம் அதற்கடுத்து. இதுவே வரிசை. ஆகவே ஆ. மருத்துவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் கேட்கப் போகும் முதல் கேள்வி "மூச்சு நிமிடத்துக்கு எத்தனை?" என்பது. பாராமல் கூப்பிட்டவர் என்ன சொல்வார்?

ஆனால் எல்லா இடத்திலும் "முதலில் சோதித்துப் பார்" என்றே குறித்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. இரத்தம் ஏற்றத் தொடங்கிய சில நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் முதுகு வலியும் காண்கிறது. இங்கே முதல் வேலை இரத்தம் ஏறுவதை நிறுத்துவது. பிறகு புதுக் குழாயில் உப்புநீரை விட்டு நரம்பு வழியைத் திறந்து வைத்து, மருத்துவருக்குச் சொல்லி, நாடியையும் அழுத்தத்தையும் பார்ப்பது. கேடு உள்ளே போய்க் கொண்டிருக்கும்போது முதலில் கதவை அடைக்க வேண்டும். இவ்விரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அங்கே ஏன் அப்படி, இங்கே ஏன் இப்படி?" என்று பேசினால் ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரம் ஐம்பது விடையை மனப்பாடம் செய்வதைவிட மேலானது.

மூன்றாம் விதி: கணக்கை வாயால் போடக்கூடாது, எழுதிப் போட வேண்டும். ஒரு லிட்டர் உப்புநீர் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 1000-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 125 மில்லிலிட்டர். 125-ஐ 20-ஆல் பெருக்கினால் 2500 சொட்டு. 60-ஆல் வகுத்தால் 41.67. ஆக 42 சொட்டு. நமக்குப் பால் எடையில் ஒரு புள்ளி தவறினால் சம்பளம் குறையும். கேட்டு வாங்கிவிடலாம். மருந்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு உடம்பில் இறங்கிவிடும். திரும்ப வாங்க முடியாது.

நான்காம் விதி: தவறு நோட்டு. ஒவ்வொரு பிள்ளையும் தான் தவறிய கேள்வியைத் தனி நோட்டில் எழுதி, "தெரியாததால் தவறினேனா, வாசிக்காமல் தவறினேனா, வரிசை மாறித் தவறினேனா?" என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். அடுத்த வாரம் அதையே மறுபடி கேட்போம். சரியாகச் சொன்னால் அடுத்த மாதமும் கேட்போம். எந்தப் பிள்ளையின் தவறு நோட்டையும் மற்றவர் முன் வாசிப்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. பெற்றோரும் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஏசக்கூடாது என்று கேட்டுக் கொள்கிறோம். தவறு நோட்டு நிறைந்திருந்தால் பிள்ளை உழைக்கிறது என்று பொருள்.

நோயாளிப் பராமரிப்புக் கேள்விகளில் நமது பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலமும் உண்டு, ஓர் இடையூறும் உண்டு. அனுகூலம், நோயாளியை அவர்கள் அறிவார்கள். முப்பது வருஷம் மரம் வெட்டிய பெரியவரிடம் "வலி 0 முதல் 10 வரை எத்தனை?" என்று கேட்டால் "பரவாயில்ல தாயி" என்பார். முகம் சுருங்கியிருக்கும், நாடி ஓடும், கை போர்வையை இறுகப் பிடித்திருக்கும். கேள்வித்தாளிலும் இப்படி ஒரு நோயாளி வருவார். வலி இல்லை என்கிறார், ஆனால் அடையாளம் வேறு சொல்கிறது. "அவர் சொன்னதை எழுதிவிட்டுப் போவது" என்பது விடையன்று. பக்கத்தில் நின்று, எங்கே, எப்போது, எது செய்தால் கூடுகிறது என்று மறுபடி கேட்பதே விடை. "நெஞ்சு கரிக்குது" என்றால் என்ன, "தலை கிறுகிறுங்குது" என்றால் என்ன என்று நமது பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இடையூறு என்னவென்றால், பயிற்சிக்குப் போன வார்டில் கண்டதையே விடையாகக் குறித்துவிடுவது. ஒரு தாதி இருபது நோயாளியைப் பார்க்கும் வார்டில் சில காரியங்கள் விட்டுப் போகும். "அங்கே இப்படித்தான் செய்தார்கள்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தேர்வில் அப்படிக் கொள்ளக்கூடாது. வினாத்தாளின் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை இல்லை, கையுறைக்குப் பஞ்சமில்லை. அங்கே உங்கள் முன் ஒரே நோயாளி, முறைப்படி என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. ஆள் பற்றாக்குறையைப் பேச வேறு இடம் இருக்கிறது. அது சங்கம். தாதியானதும் உங்கள் சங்கத்தில் சேர்ந்து அங்கே பேசுங்கள்.

இனி ஆராய்ச்சிப் பகுதி. இதைக் கண்டால்தான் பிள்ளைகள் அதிகம் மிரள்கிறார்கள். "நோயாளியைப் பார்க்கப் போகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று ஒரு தங்கை கேட்டாள். மாதிரி, ஒப்பீட்டுக் குழு, மாறி, சம்மதம் என்று பெரிய பெரிய பெயராக இருக்கின்றன. உண்மையில் இவற்றில் பாதி நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

பால் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வாளிப் பால் முழுவதையும் காய வைத்து ரப்பர் எவ்வளவு என்று பார்க்க நேரமில்லை. கொஞ்சம் மொண்டு சோதிக்கிறோம். அதை வைத்து முழு வாளிக்கும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கொஞ்சம்தான் மாதிரி. வாளியைக் கலக்காமல் மேலாக மொண்டால் தொழிலாளி சண்டைக்கு வருவார். வர வேண்டியதுதான்! மாதிரி முழுமைக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நடந்து வரக் கூடியவர்களை மட்டும் கேட்டுவிட்டு, "இந்த வட்டார மக்கள் சுகமாக இருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினால், அவர் வாளியைக் கலக்காமல் மொண்டவர்.

ஒப்பீட்டுக் குழுவும் அப்படியே. புது உரம் நல்லதா என்று பார்க்க, ஒரே வயது மரங்களில் சில நிரைக்கு உரம் போட்டு, சில நிரைக்குப் போடாமல் விட்டுப் பாலை நிறுத்துப் பார்ப்பார்கள். உரம் என்பது நாம் மாற்றுவது. அது சாரா மாறி. பால் அளவு அதனால் மாறுவது. அது சார்ந்த மாறி. உரம் போட்ட மரமெல்லாம் பள்ளத்திலும் போடாதவையெல்லாம் மேட்டிலும் நின்றால் கணக்குச் செல்லாது. ஏன் செல்லாது என்று நமது மண்டோரே சொல்லிவிடுவார்.

இதே முறையில் மனிதருக்கு நடந்த சோதனை ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. அதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முன் இங்கே பெரிபெரி என்னும் நோய் ஆயிரக் கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், இருதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட நமது பாட்டன்மாரை அவ்வளவாகத் தீண்டவில்லை. இதைக் கண்டு, அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்று வாதாடியவர் நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்னும் மருத்துவர். ஆனால் கண்டது மட்டும் ஆதாரம் ஆகாது. இனம் வேறு, வேலை வேறு, இருப்பிடம் வேறு. எது காரணம் என்று எப்படித் தெரியும்?

1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு என எண்ணச் செய்தார். ஒற்றை எண் பெற்றவர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டை எண் பெற்றவர்களுக்குப் புழுங்கலரிசி. ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. வெள்ளை அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் அதனால் மாளவில்லை. பின்னர் 1907 முதல், ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து அதே போல் சோதித்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் அது நின்றது. புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், பெரிபெரிக்குக் காரணம் தயாமின் என்னும் வைட்டமின் குறைவு என்பதும் இன்று நமக்குத் தெரியும்.

இந்த ஒரு வரலாற்றிலேயே தேர்வுக்கு வேண்டிய பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது. அரிசி சாரா மாறி, நோய் சார்ந்த மாறி. வெள்ளை அரிசி உண்டவர்கள் ஒப்பீட்டுக் குழு. எண் வரிசைப்படி பிரித்தது, ஆளைப் பார்த்துப் பொறுக்காமல் இருப்பதற்காக.

ஆனால் தோழர்களே, நமது வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: "அந்த 18 பேரிடம் யாராவது கேட்டார்களா?" கேட்கவில்லை. விடுதியில் அடைபட்டவர்களுக்கு மறுக்கும் வாய்ப்பு எங்கே இருந்தது? கூலிக்கு வந்த ஜாவாத் தொழிலாளிக்குத்தான் எங்கே இருந்தது? அவர்கள் உயிரைக் கொண்டு உலகம் ஒன்றைக் கற்றுக் கொண்டது. அந்த அறிவு பல்லாயிரம் பேரைக் காத்தது உண்மை. அவர்களைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

உலகப் போருக்குப் பின் 1947-இல் வந்த நியூரம்பெர்க் நெறிகளும், 1964-இல் உலக மருத்துவர் சங்கம் செய்த ஹெல்சிங்கி பிரகடனமும், மனிதரைச் சோதனைக்கு உட்படுத்தும் முன் விளங்கச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று வகுத்தன. ஆகவே தேர்வில் கேட்பார்கள்: ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளி பாதியில் விலக விரும்புகிறார், தாதி என்ன செய்வது? "கையெழுத்துப் போட்டுவிட்டாரே, தொடர வேண்டும்" என்பது தவறு. "விலகினால் சிகிச்சை குறையும் என்று எச்சரிக்க வேண்டும்" என்பது பெரும் தவறு. விலகும் உரிமையை மதித்து, ஆராய்ச்சியாளருக்குத் தெரிவித்து, வழக்கமான பராமரிப்பில் எந்தக் குறையும் வராமல் பார்ப்பதே விடை. கைநாட்டு வைத்த காகிதம் என்ன சொல்கிறது என்று அறியாமலே காலம் கழித்த குடும்பங்களின் பிள்ளைகள் நாம். விளங்காத மொழியில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது என்பதை நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆராய்ச்சிப் பகுதி எதற்கு என்று கேட்ட தங்கைக்கும் இதுவே பதில். வார்டில் நமது பாட்டியிடம் ஒருவர் காகிதத்தை நீட்டும்போது, "இது என்ன, இவருக்கு விளங்கச் சொன்னீர்களா?" என்று கேட்கத் தெரிந்த ஒரு தாதி பக்கத்தில் நிற்க வேண்டும்.

கை கட்டி நிற்கணுமா என்று கேட்ட தாயாருக்கு இப்போது பதில் சொல்கிறோம். அம்மா, பணக்காரப் பிள்ளை வாங்கும் விடைத்தாள் அந்தப் பிள்ளையையும் ஏமாற்றும். நமது பிள்ளை கை கட்டி நிற்க வேண்டாம், காரணம் சொல்லிக் கொண்டு நிமிர்ந்து நிற்கட்டும்.

இதற்குப் பெற்றோரிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. முதலாவது, சனி, ஞாயிறு மாலை ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைகளை வேறு வேலைக்கு அழைக்காதீர்கள். பெண்பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சமையலும் துணியும் அவள் தலையில் ஏறுகிறது. அண்ணன் தம்பிமார் அந்த இரண்டு நாளும் அடுப்பங்கரையைப் பார்த்துக் கொள்ளட்டும். இரண்டாவது, வகுப்பு முடிந்ததும் வீட்டில் விடும் பொறுப்பை முறை வைத்து ஆண்கள் எடுத்துக் கொள்ள வேண்டும். மூன்றாவது, வாரம் ஒருமுறை பிள்ளையை உட்கார வைத்து "ஒரு கேள்வியை எனக்குத் தமிழில் விளக்கு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. இதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. கேட்கப் பொறுமை போதும்.

நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அறுநூறு வெள்ளியைக் கொண்டு, பராமரிப்புக்கு ஒன்றும் ஆராய்ச்சிக்கு ஒன்றுமாக இரண்டு நல்ல பாடநூல்கள், பயிற்சிக் கேள்விப் புத்தகம் ஒன்று, ஒன்பது நோட்டுகள், தாதி அம்மையாருக்கு வந்து போகும் செலவு, மண்டபத்துக்கு இரண்டு விளக்கு ஆகியவற்றை வாங்கலாம் என்று குழு கருதுகிறது. புத்தகங்கள் சங்கத்தின் உடைமையாக இருக்கும். இந்த ஒன்பது பேர் தேறிப் போன பிறகு அடுத்து வரும் பிள்ளைகள் அவற்றை எடுத்துப் படிப்பார்கள். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இந்தச் சுவரில் ஒட்டப்படும்.

இதை ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். மறுப்பவர்கள் எழுந்து காரணம் சொல்லுங்கள், கேட்கிறோம். காரணம் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கும் வகுப்பில் பெரியவர்களும் காரணம் சொல்வதுதான் முறை.